செயலாளரின் ஆண்டறிக்கை: மொரோக்கோ நாடகக்காரர் முகம்மது அல்குர்ரியோடு ஓர் ஆண்டு

தலைவர் அவர்களுக்கும் நாடக வாசிப்பு வட்டத்தின் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஆண்டு முழுக்க ஒரே நாட்டின் நாடகத்தைப் பற்றிப் பேசுவது என்று சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்தோம். நான் மொரோக்கோ என்றதும் பாதிப் பேர் சிரித்தீர்கள். அதுவும் குறிப்பேட்டில் ஏறியிருக்கிறது. மொத்தம் 11 கூட்டங்கள் நடந்தன. மழையால் ஒன்று தள்ளிப்போனது.

முதல் 2 கூட்டங்கள் பின்னணிக்கே சரியாகப் போயின. 1912 மார்ச் 30 அன்று ஃபெஸ் நகரில் கையெழுத்தான ஒப்பந்தத்தோடு ஆட்சி பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது; சுல்தான் பெயரளவில் இருந்தார். 1923இல் கிழக்கேயிருந்து வந்த அரபு நாடகக் குழு ஒன்று சலாஹுத்தீன் கதையை நடித்தது. ஃபெஸ் மாணவர்களும் விரைவிலேயே மேடை ஏறினார்கள். ஆனால் வேஷம் கட்டுவது அந்த ஊருக்குப் புதிதல்ல. ஃபெஸ் நகரின் பழைய இஸ்லாமியப் பல்கலைக்கழகமான கரவிய்யீனின் மாணவர்கள் ஆண்டுதோறும் வசந்த காலத்தில் தங்களில் ஒருவனைச் சுல்தான் ஆக்குவார்கள். பட்டம் ஏலத்தில் போகும். பரிவாரம், ஊர்வலம், ஆற்றங்கரையில் கூடாரம், சாப்பாட்டைப் புகழ்ந்து ஒரு கேலிப் பிரசங்கம். உண்மையான சுல்தானே பரிசு அனுப்பிவைப்பார்! அன்றைய கூட்டம் முடிய இரவு வெகுநேரம் ஆகிவிட்டது.

அந்தக் கரவிய்யீனில் படித்தவர்தான் முகம்மது அல்குர்ரி. கவிஞர், ஆசிரியர், நாடகக்காரர். ‘அறிவும் அதன் விளைவுகளும்’, ‘கைவிடப்பட்ட அநாதை’ என்று அவர் நாடகத் தலைப்புகளைக் கேட்டால் பள்ளி ஆண்டுவிழா நினைவுதான் வரும். “இதைப் பார்த்து பிரெஞ்சு அரசாங்கம் ஏன் சார் பயப்படணும்?” என்று ஓர் உறுப்பினர் கேட்டார். நியாயமான கேள்விதான். அன்றைய நாடக வசூல் பல சமயம் பிரெஞ்சு நிர்வாகத்தின் பிடியில் இல்லாத ‘சுதந்திரப் பள்ளிகளுக்கு’ப் போனது. நல்ல அரபியில் வசனம் கேட்க ஊரே ஓரிடத்தில் கூடியது. கூட்டம் கூடுவதே கண்ணை உறுத்தும் காலம் அது. என்னைக் கேட்டால், அநாதைப் பிள்ளையின் சொத்து யார் கையில் இருக்கிறது என்று மேடையில் பேசினாலே பார்ப்பவர் மனம் எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

1930 மே 16 அன்று பிரெஞ்சு நிர்வாகம் கொண்டுவந்த ஆணை, அந்நாட்டின் பூர்வகுடிகளான பெர்பர் மக்களின் வழக்குகளை இஸ்லாமியச் சட்டத்திலிருந்து பிரித்தது. வறட்சியிலும் ஆபத்திலும் ஓதும் ‘யா லத்தீஃப்’ பிரார்த்தனையைப் பள்ளிவாசல்களில் ஓதித்தான் மக்கள் எதிர்ப்பைத் தொடங்கினார்கள். அந்தத் தலைமுறைக்கு மேடையும் அரசியலும் வேறு வேறாக இருக்கவில்லை.

1937 செப்டம்பரில் மெக்னெஸ் நகரத்து ஆற்று நீரைக் குடியேறிகளின் பக்கம் திருப்பியதால் கலவரம் வெடித்தது. அக்டோபரில் நாடெங்கும் கைது. விடுதலை இயக்கத் தலைவர் அல்லால் அல்ஃபாஸியை ஆப்பிரிக்காவின் காபோனுக்கு நாடு கடத்தினார்கள். அவர் திரும்ப 1946 ஆனது. அல்குர்ரியை அட்லஸ் மலைக்கு அப்பால், பாலைவன ஓரத்துக் குல்மிமாவுக்குக் கொண்டுபோனார்கள். சித்திரவதையில் அந்த ஆண்டே இறந்தார். நாற்பதைத் தொட்டிருந்தால் அதிகம். மொரோக்கோ நாடக மேடையின் தியாகி என்று இன்றும் அவரைச் சொல்கிறார்கள்.

சரி, குறைகளுக்கு வருகிறேன். அவருடைய நாடகம் ஒன்றைக்கூடத் தமிழில் நம்மால் பெற முடியவில்லை. ஆகவே டிசம்பரில் நடத்துவதாக இருந்த வாசிப்பு நிகழ்ச்சி நடக்கவில்லை. அதற்காக வசூலித்த தொகை அப்படியே பொருளாளரிடம் இருக்கிறது. விரும்புவோர் ரசீதைக் காட்டித் திரும்பப் பெறலாம். கடைசி மூன்று கூட்டங்களுக்கு வருகை மெலிந்தது. தேர்வுக் காலத்தில் தேதி வைத்தது என் தவறு. டீ செலவு மட்டும் குறையவில்லை.

அப்புறம், அரங்கில் மாட்டியிருந்த மொரோக்கோ வரைபடத்தை யாரோ வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறீர்கள். அடுத்த கூட்டத்துக்குள் கொண்டுவந்து கொடுத்துவிடவும்.

இப்படிக்கு,
செயலாளர்