ரெக்கார்டு நோட்டைத் தாண்டியும் எழுத்து உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கல்லூரிப் பிள்ளைகளுக்கு நாலு வரி சொந்தமாக எழுத வரவில்லை என்று எல்லோரும் புலம்பிவிட்டு, பழியைத் தமிழ், ஆங்கில ஆசிரியர்கள் தலையில் கட்டிவிடுகிறோம். நான் வேதியியல் நடத்துகிறவன், என்னையும் சேர்த்தே சொல்கிறேன். ஆய்வகச் சோதனைகளை எழுதிவைக்கும் எங்கள் ரெக்கார்டு நோட்டில் நோக்கம், செய்முறை, முடிவு எல்லாம் சீனியர் நோட்டிலிருந்து அப்படியே இறங்கும்; டைட்ரேஷனில், அதாவது ஒரு கரைசலின் செறிவைக் கண்டறியும் சோதனையில், அளவு ஏன் தப்பியது என்று ஒரு பத்தி எழுதச் சொன்னால் வகுப்பே முழிக்கிறது. வரலாறு படிப்பவர் ஒரு கல்வெட்டை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று வாதாட வேண்டும், வணிகவியல் படிப்பவர் பேலன்ஸ் ஷீட்டைப் பார்த்து அந்தக் கம்பெனிக்குக் கடன் கொடுக்கலாமா என்று எழுத வேண்டும், இதெல்லாம் பொதுக்கட்டுரைப் பயிற்சியில் எப்படி வரும்? எழுத்தை எல்லாத் துறையினரும் கற்பிக்க வேண்டும் என்று அமெரிக்கக் கல்லூரிகளில் 1970களிலேயே ஓர் இயக்கம் கிளம்பியது. இங்கே அறுபது பேருக்கு யார் திருத்துவது என்பீர்கள், நியாயம்தான். சரி, பருவத்துக்கு ஒரே ஒரு பக்கம், திருத்தி, மறுபடி எழுத வைத்து, அக மதிப்பீட்டில் 5 மதிப்பெண் கொடுத்துப் பார்க்கலாமே.

ஒரு பேராசிரியர், திருச்சி