11 சூப்பர்ஹீரோக்களை வைத்திருக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

உன் திரைக்கதையைப் படித்தேன். வேதாரண்யம் உப்பளத்துப் பெண், நாகப்பட்டினத்து மீனவர், திருவாரூர் தவில்காரர் என்று நம்ம ஊர் ஆட்களுக்கு நீ கொடுத்திருக்கும் சக்திகள் எனக்கு ரொம்பப் பிடித்தன. ஆனால் முதல் சண்டையிலேயே 11 பேரும் வந்து ஆளுக்கொரு வசனம் பேசுகிறார்கள். யார் முகமும் மனதில் நிற்கவில்லை.

நீ விரும்பிப் பார்க்கும் மார்வெல் படங்களையே எடுத்துக்கொள். 2012-இல் வந்த முதல் அவெஞ்சர்ஸில் ஆறே பேர்தான். அதில் நான்கு பேருக்கு முன்னமே தனிப்படம் வந்துவிட்டதால் அறிமுகத்துக்கு நேரம் போகவில்லை. அப்படியும் ஆறு பேரில் ஒருவரான ஹாக்ஐ பாதிப் படத்துக்கு மேல் வில்லன் லோகியின் வசத்திலேயே கிடந்தார். 2016-இல் சிவில் வார் விமான நிலையச் சண்டையில் பக்கத்துக்கு ஆறு பேர். முதல் ஆறு பேரில் இருந்த தோரும் ஹல்க்கும் அந்தப் படத்திலேயே இல்லை.

கூட்டம் நிரம்பி வழிந்தது 2018-இன் இன்ஃபினிட்டி வாரில். அங்கே செய்த வேலை எனக்கு இன்னும் ஆச்சரியம். வில்லன் தானோஸைக் கதையின் நடுவில் நிறுத்தி, மற்றவர்களைச் சின்னச் சின்னக் குழுவாகப் பிரித்துவிட்டார்கள். ஒரு குழு டைட்டன் என்ற கிரகத்துக்கு, ஒன்று வகாண்டா நாட்டுக்கு. தோர், ராக்கெட், குரூட் மூவரும் புது ஆயுதம் தேடிப் போகிறார்கள். போகிற வழியில் ராக்கெட் விசாரிக்க, தோர் தான் இழந்த தம்பி, அக்கா, அம்மா, அப்பா, நண்பன் என்று ஒவ்வொருவராகச் சொல்வான். அவ்வளவு பெரிய படத்தில் இரண்டே பேர் உட்கார்ந்து பேசும் காட்சி அது. அது இல்லையென்றால், பின்னால் அவன் கோடரியோடு வந்து இறங்கும்போது தியேட்டர் அப்படிக் கத்தியிருக்காது. ஹாக்ஐயும் ஆன்ட்மேனும் ஏன் வரவில்லை என்பதற்கு ஒரு வசனத்தோடு சரி.

மேட்டூரில் தண்ணீர் குறைந்தால் காவிரிக்குச் சில நாள், வெண்ணாற்றுக்குச் சில நாள் என்று முறை வைத்து விடுகிறார்களே, படத்தின் நேரத்தையும் அப்படித்தான் பிரிக்க வேண்டும். எல்லா மதகையும் ஒன்றாகத் திறந்தால் கடைமடைக்குப் போய்ச் சேராது.

அதனால் உப்பளத்துப் பெண்ணையும் தவில்காரரையும் ஒரே படகில் ஏற்று. இருவருக்கும் ஆகாது என்று நீயே எழுதியிருக்கிறாய், அது பெரிய வசதி. மீனவருக்கு அவர் அண்ணனைத் தேடும் வேலை மட்டும் போதும். மூன்று பேரை அடுத்த பாகத்துக்குத் தள்ளிவை. 11 பேரில் மிச்சமிருப்பவர்கள் கடைசிச் சண்டையில்தான் முதல்முறையாக ஒன்றுசேர வேண்டும்.

அப்புறம், வில்லனுக்கு என்ன வேண்டும் என்பது எங்கேயும் தெளிவாக இல்லை. முதலில் அதை எழுதி அனுப்பு. தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது மற்றதை உட்கார்ந்து பேசுவோம்.

அன்புடன்,
அக்கா