குறைவாக ஓடிய ஸ்போர்ட்ஸ் கார்: செலவு குறையாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவது பற்றிய தங்கள் கட்டுரையில், குறைந்த கிலோமீட்டர் ஓடிய வண்டி செலவு வைக்காது என்று இருந்தது. அதை நம்பி வாங்குபவர்கள்தான் முதல் வருடத்திலேயே திணறுகிறார்கள். இந்த வண்டிகளில் பாதிச் செலவு தூரத்தால் வருவதில்லை, வருடங்களால் வருகிறது.

டயரை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் டிஓடி (DOT) என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரான தேதி. 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பட்டன் (சாலையைப் பிடிக்கும் மேடுகள்) நிறைய இருந்தாலும் ஆறேழு வருடத்தில் ரப்பர் இறுகி, ஈரச் சாலையில் பிடிப்பு போய்விடும். பெரும்பாலான மாடல்களில் பின் டயர் முன் டயரைவிட அகலம் என்பதால் முன்னும் பின்னும் மாற்றிப் போட்டு ஆயுளை நீட்டவும் வழியில்லை. சக்கரம் உட்சாய்வாக நிற்பதால் உள் ஓரம்தான் முதலில் தேயும். வெளியிலிருந்து புதிதுபோல் தெரியும் டயரில், டார்ச் அடித்து உள்ளே பார்த்தால் கம்பி வெளியே வந்திருக்கும்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது; ஈரம் ஏறிவிட்டால் அந்த வரம்பு 155 வரை இறங்கலாம். வேகமாக ஓட்டி அடுத்தடுத்து பிரேக் பிடித்தால் ஆயில் ஆவியாகி, பெடல் தரைவரை போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது இந்த வண்டியின் மிக மலிவான வேலை. அதைத்தான் பலரும் தள்ளிப்போடுகிறார்கள்.

பெரிய பில் லேபரில் வரும். ஃபெராரி எஃப்355-இல் டைமிங் பெல்ட் (வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து இயக்கும் பெல்ட்) மாற்ற எஞ்சினையே கீழே இறக்க வேண்டும். பெல்ட்டின் விலை அற்பம். ஓடாமல் நின்றாலும் சில வருடத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். அறுந்தால் பிஸ்டன் வால்வில் மோதி எஞ்சினே போய்விடும். போர்ஷே 911-இன் 996 வரிசையில் (டர்போ, ஜிடி2, ஜிடி3 மாடல்கள் நீங்கலாக) ஐஎம்எஸ் பேரிங், அதாவது எஞ்சினுக்குள் இடைத்தண்டைத் தாங்கும் பேரிங், பலவீனமானது. அதற்கும் கிளட்சுக்கும் கியர்பாக்ஸைக் கழற்ற வேண்டும் என்பதால், கிளட்ச் மாற்றும்போதே பேரிங்கையும் மாற்றிவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

நிறுத்தியே வைத்திருக்கும் வண்டியை வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பதும் கெடுதல்தான். எஞ்சின் முழுதாகச் சூடேறாததால் உள்ளே படியும் நீர் எஞ்சின் ஆயிலிலேயே தங்கும். பேட்டரிக்கு டிரிக்கிள் சார்ஜர் (மெதுவாகச் சார்ஜ் ஏற்றிக்கொண்டே இருக்கும் கருவி) போட்டுவிட்டு, எடுக்கும் நாளில் அரை மணி நேரமாவது சாலையில் ஓட்டுங்கள்.

எனவே ஒரு வேண்டுகோள். பழைய கார்களின் ஒப்பீட்டு அட்டவணையை அடுத்து வெளியிடும்போது, கிலோமீட்டர் கட்டத்துக்குப் பக்கத்திலேயே டயர் தயாரான தேதி, பிரேக் ஆயில் மாற்றிய தேதி, பெல்ட் மாற்றிய தேதி மூன்றையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கார் மெக்கானிக்