கில்லரி மலைச்சரிவில் பார்த்த கிழங்குப் பார்கள்: மாமாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாமாவுக்கு,

போன வாரம் போனில் "ஊர் சுத்தப் போனியாமே மாப்ளே, அயர்லாந்துல என்ன விளையுது?" என்று கேட்டீர்கள். பஸ்ஸில் இருந்த அவசரத்தில் "புல்லுதான் மாமா" என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்றிலிருந்து அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. மன்னவனூரில் காலமெல்லாம் உருளைக்கிழங்கு போட்டவருக்குச் சொல்லும் பதிலா அது? மற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் பொதுவிலேயே எழுதுகிறேன்.

நாங்கள் நாலு பேர், டப்ளினில் ஒரே வீட்டில் இருப்பவர்கள். மே மாதக் கடைசியில் வாடகைக் கார் எடுத்துக்கொண்டு மேற்கே கிளம்பினோம். கால்வே வரைக்கும் 200 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட, நேரான நெடுஞ்சாலை. கால்வே தாண்டிக் கானமாராவுக்குள் நுழைந்ததும் ஊரே வேறு. சாந்து வைக்காமல் அடுக்கிய கல் சுவர்கள், முதுகில் நீலமும் சிவப்பும் பூசிய செம்மறிகள் (எந்த நிறம் எந்த வீட்டு ஆடு என்பதற்கு அடையாளம்). சின்ன வயதில் நம்மூர் ஆட்டுப் பண்ணைக்கு என்னைக் கூட்டிப்போவீர்களே, அந்த ஞாபகம்தான் வந்தது. சதுப்பு நிலத்து மண்ணைச் செங்கல் மாதிரி வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று சாய்த்துக் காயவைத்திருந்தார்கள். டர்ஃப் என்கிறார்கள், அடுப்பு எரிக்க.

ஒரு கிளைச் சாலையில் எதிரே டிராக்டர் வந்துவிட்டது. ஒதுங்க இடமில்லை. வண்டியை ரிவர்ஸிலேயே ஓட்டிக்கொண்டு போய் ஒரு தோட்டத்துக் கதவோரம் ஒதுக்கினோம். கடந்து போன பெரியவர் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்காமல் ஆள்காட்டி விரலை மட்டும் உயர்த்தினார். இந்தப் பக்கத்தில் வணக்கம் அப்படித்தான். அப்புறம் எதிரே வந்த எல்லோருக்கும் நாங்களும் விரல் உயர்த்திக்கொண்டே போனோம்.

கில்லரி என்பது மலைகளுக்கு நடுவே 16 கிலோமீட்டர் உள்ளே வந்திருக்கும் கடல். அதன் தலைமாட்டில் ஒரு அருவி. அங்கே உட்கார்ந்து, டப்ளினிலிருந்து கட்டிக்கொண்டு போன புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் சாப்பிட்டோம்.

சாயங்காலம், வெயில் சாய்ந்து மலையில் விழுந்த நேரத்தில்தான் அதைப் பார்த்தேன். எதிர்ச் சரிவு முழுக்க, மேலிருந்து கீழே, கோடு கோடாக நிழல். நண்பர்கள் மழைத்தண்ணீர் அரித்த தடம் என்றார்கள். எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது மாமா. கையால் மண்ணை வரிசையாகக் குவித்துப் பிடித்த பார். உருளைக்கிழங்குப் பார்! இப்போது புல் மூடி ஆடு மேய்கிறது. ஆனால் மண் இன்னும் அந்த வடிவத்தை விடவில்லை.

ஆடு ஏறுகிற அந்தச் சரிவில் யார் கிழங்கு போட்டது? நல்ல நிலத்தில் விளைந்த தானியமும் வளர்ந்த மாடும் குத்தகைக் கணக்குக்கே போய்விடும். ஏழைகளுக்கு மிஞ்சியது இந்த மாதிரி மேடுதான். கடற்பாசியை முதுகில் சுமந்து ஏற்றி உரமாகப் போட்டிருக்கிறார்கள். வேறு சாப்பாடு இல்லை, மூன்று வேளையும் கிழங்கு.

1845-ல் கிழங்குச் செடியில் கருகல் நோய் வந்தது. ஆமாம், நம் தோட்டத்தில் வருகிற அதே கருகல். மூடுபனி விடாமல் நின்றால் விடியற்காலையில் போய் இலையைத் திருப்பி, அடியில் வெள்ளைப் பூஞ்சை இருக்கிறதா என்று பார்ப்பீர்களே. இருந்தால் அன்றைக்கே மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடித்தாக வேண்டும். அந்த மருந்தையே 1880களில்தான் கண்டுபிடித்தார்கள். ஏழைகள் பெரும்பாலும் போட்டது லம்பர் என்ற ஒரே ரகம். கிழங்கிலிருந்து கிழங்கு வைத்துப் பெருக்கியதால் ஒன்றுக்கு வந்தது எல்லாவற்றுக்கும் வந்தது. 1846-ல் விளைச்சல் அநேகமாக முழுதும் போனது. ஆனாலும் தானியம் கப்பல் ஏறிக்கொண்டுதான் இருந்தது. 1841-ல் 81 லட்சம் பேர் இருந்த தீவில் 1851-ல் 65 லட்சம். சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள், அதற்கும் மேல் கப்பலேறினார்கள். இன்றைக்கும் அந்தத் தீவு பழைய எண்ணிக்கையைத் தொடவில்லை.

அந்தப் பஞ்சத்தில் லண்டன் கருவூலத்தில் உட்கார்ந்து நிவாரணச் செலவை இறுக்கிப் பிடித்த சார்லஸ் டிரெவெலியன்தான் 1859-ல் நமக்கு மதராஸ் கவர்னராக வந்தார். தாது வருஷப் பஞ்சத்திலும் நம் ஊரில் தானியம் ஏற்றுமதியானதை அம்மாச்சி சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தச் சரிவின் முன்னால் நின்றபோது இரண்டும் வேறு வேறு கதையாகத் தோன்றவில்லை.

கொஞ்ச தூரம் போனால் டூலாக் ஏரி. 1849 மார்ச்சில் லூயிஸ்பர்க் ஊரில் நிவாரணம் கேட்டுக் கூடிய நூற்றுக்கணக்கானவர்களை, மறுநாள் காலை டெல்ஃபி மாளிகைக்கு வந்து அதிகாரிகளைப் பார்க்கச் சொல்லிவிட்டார்கள். 19 கிலோமீட்டர், குளிரில், பட்டினியோடு நடந்தார்கள். அங்கே ஒன்றும் கொடுக்கவில்லை. திரும்பும் வழியில் இந்த ஏரிக்கரையில் விழுந்து செத்தார்கள். எத்தனை பேர் என்பது ஆளுக்கு ஆள் மாறுகிறது. சாலையோரம் ஒரு கல் சிலுவை நிற்கிறது. அதில் காந்தியின் வரி இருக்கிறது மாமா: சக மனிதர்களைச் சிறுமைப்படுத்துவதில் மனிதர்களால் எப்படிப் பெருமைப்பட முடிகிறது என்று கேட்கிறார். நாலு பேரும் வாய்விட்டுப் படித்தோம். காருக்குள் ஏறியபின் வெகுநேரம் யாரும் பேசவில்லை. மத்தியானம் வறுவல் கொண்டுவந்தவன் மட்டும் ஒருதரம், "நாம அங்கதான சாப்பிட்டோம்" என்றான்.

மறுநாள் திரும்பி வரும் வழியில் அந்தச் சரிவில் ஏறிப் பார்த்தேன். ஒரு பாரைக் குறுக்கே தாண்ட மூன்று அடி வைக்க வேண்டியிருந்தது. இடையில் வாய்க்கால் ஒரு முழம் இருக்கும். படம் அனுப்பியிருக்கிறேன். நாம் சரிவுக்குக் குறுக்கேதானே பார் பிடிப்போம்? இவர்கள் மேலிருந்து கீழே பிடித்திருக்கிறார்கள். இங்கே மழை ஓயாது, குறுக்கே பிடித்தால் தண்ணீர் நின்று கிழங்கு அழுகிவிடும் என்பதாலா? படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை பேசும்போது சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மருமகன்