பயிற்சி லிஸ்ட்ல பேரு மட்டும் மாறவே மாட்டேங்குது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க,

டீச்சர்ஸ் பயிற்சி பத்தி உங்க பேப்பர்ல அடிக்கடி நியூஸ் வருது, போட்டோவும் வருது, ஆனா அதுக்கு யாரு போறாங்க யாருக்குக் கெடைக்கறதே இல்லன்னு யாரும் எழுதறதில்ல. நான் அஞ்செட்டி பக்கம் மலைக்கிராமத்துல ஒரு ஈராசிரியர் பள்ளில வேலை பாக்கறேன்.

சின்னக் கிளாஸ் பிள்ளைங்களுக்கு எழுத்தும் கணக்கும் சொல்லிக்குடுக்கற எண்ணும் எழுத்தும் திட்டம் மாதிரி கட்டாயப் பயிற்சில பிரச்சனை இல்லைங்க, 2022ல ஆரம்பிச்சதுலேர்ந்து எல்லாரையும் கூப்பிடறாங்க, போகலேன்னா விளக்கம் கேப்பாங்க. நான் சொல்றது மத்தது. பெங்களூர்ல தென்னிந்திய வட்டார ஆங்கில நிறுவனத்துல 30 நாள் தங்கிப் படிக்கற கோர்ஸ், மைசூர் மண்டலக் கல்வியியல் நிறுவனத்துல நடக்கறது, சென்னைல கருத்தாளர் பயிற்சி (மத்த டீச்சருங்களுக்குப் பயிற்சி குடுக்கறவங்களுக்கானது), இதுக்கெல்லாம் எங்க பக்கத்துலேர்ந்து போறவங்க வருஷா வருஷம் அதே நாலஞ்சு பேருதான். ஸ்கூல் ரோட்டோரமா இருக்கணும், இல்ல ஆபீஸ்ல ஆள் தெரிஞ்சிருக்கணும். அவங்க திறமை இல்லாதவங்கன்னு சொல்லல, நல்லா பாடம் நடத்தறவங்கதான், அதுக்காக மத்தவங்க எப்பதான் கத்துக்கறது? இத்தனைக்கும் எங்களுக்குச் சென்னைய விட பெங்களூர்தான் பக்கம்.

தகவல் எப்படி வருதுன்னு கேளுங்க. சாயங்காலம் வாட்ஸ்அப் குரூப்ல "விருப்பமுள்ளவர்கள் ஒரு மணி நேரத்துக்குள் பெயர் தரவும்"னு போடுவாங்க. எங்க ஊர்ல டவர் வேணும்னா கோயில் மேட்டுக்கு ஏறணும். ஏறி நின்னு மெசேஜ் வந்து விழறப்ப அதுக்குக் கீழயே "பட்டியல் அனுப்பப்பட்டது, நன்றி"ன்னு இன்னொண்ணு இருக்கும், அதுக்கும் கீழ வரிசையா கும்பிடு எமோஜி.

தப்பித்தவறி பேரு வந்தாலும் கெளம்ப முடியாதுங்க. கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைங்க வரைக்கும் ரெண்டு டீச்சர்தான், அதுல ஒருத்தர் போயிட்டா மீதி ஒருத்தர் ஒண்ணுலேர்ந்து அஞ்சு வரைக்கும் ஒரே ரூம்ல உக்கார வச்சு, காலை உணவப் பாத்து, ஆப்ல அட்டெண்டன்ஸ் போட்டு (அதுக்கும் டவர் வேணும்), நடுவுல ரெண்டாங்கிளாஸ் பையன் ஒண்ணாங்கிளாஸ் பையன் சிலேட்ட ஒடச்சிட்டான்னா அந்தப் பஞ்சாயத்தையும் தீத்து வைக்கணும், இத ஒரு மாசம் ஒருத்தர் தலைல கட்டிட்டுப் போக மனசு வருமா? டவுன் பக்கம்னா வேற ஸ்கூல்லேர்ந்து மாற்றுப் பணில உடனே ஆள் போட்டுடறாங்க, மலைக்குன்னா யானை இருக்கு பஸ் இல்லன்னு யாரும் வர்றதில்ல. கைக்குழந்தை வச்சிருக்கற டீச்சருங்களுக்கு 30 நாள் தங்கறதுங்கற பேச்சே கெடையாது.

பகுதிநேர ஆசிரியருங்க நெலமை இன்னும் மோசம், 2012லேர்ந்து ஓவியம், தையல், உடற்கல்வின்னு ஓடிட்டிருக்காங்க, அவங்க பேர யாரும் யோசிக்கறது கூட இல்ல.

நியாயமா நடத்தவே முடியாதுன்னும் இல்லைங்க. கனவு ஆசிரியர்னு ஒரு விருதுக்குப் பரீட்சை வச்சு செலக்ட் பண்ணாங்க, அதுல வந்தவங்கள 2024ல பிரான்சுக்கே கூட்டிட்டுப் போனாங்க, அதுல சிபாரிசுன்னு எங்க பக்கம் யாரும் பேசி நான் கேக்கல. எமிஸ்ங்கற கல்வித்துறை கம்ப்யூட்டர் பதிவுல எங்க ஜாதகமே இருக்கு, யாரு எந்தப் பயிற்சிக்குப் போனாங்கன்னு பாத்து இதுவரைக்கும் போகாதவங்களுக்கு மொதல்ல குடுக்கறது பெரிய வேலையா? போற நாள்ல எங்களுக்குப் பயிற்சி குடுக்கற ஆசிரியர் பயிற்றுநர் ஒருத்தர் வந்து எங்க கிளாஸப் பாத்துக்கட்டுமே, அவங்களுக்கும் மலை ஸ்கூல் எப்படி இருக்குன்னு தெரியும்.

இந்த வருஷ லிஸ்ட்டயாவது பயிற்சியெல்லாம் பாத்துக்கற வட்டார வள மையத்து போர்டுல ஒட்டச் சொல்லுங்க, பக்கத்துலயே போன வருஷத்து லிஸ்ட்டையும் ஒட்டினா ரொம்ப நல்லது.

இப்படிக்கு,
இடைநிலை ஆசிரியை,
அஞ்செட்டி, கிருஷ்ணகிரி மாவட்டம்
(பேர் போட வேணாம்ங்க)