மடங்களின் சாவியை வைத்திருப்பவர்களுக்கு

யாழ்ப்பாணத்துக் கோயில்களின் பரிபாலன சபையினருக்கும், வழிப்போக்கர் தங்கவென்று கட்டிய மடங்களின் தர்மகர்த்தாக்களுக்கும் வணக்கம்.

கண்டியிலிருந்து இரவு பஸ் எடுத்தால் விடியப்புறம் நாலரை, ஐந்து மணிக்கு யாழ்ப்பாணத்தில் இறக்கிவிடுவார்கள். ஏ9 வீதியில் 321 கிலோமீற்றர். போன வருடம் அப்படி ஒரு பஸ்ஸில் எனக்குப் பக்கத்து இருக்கையில் ஒரு குடும்பம் வந்தது. தாய், தகப்பன், மகன். ஹற்றன் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்று. மகனுக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் கிடைத்திருக்கிறது. கொண்டுவந்து சேர்த்துவிட்டு, பிள்ளை தங்கப்போகிற இடத்தையும் பார்த்துவிட்டு, இவ்வளவு தூரம் வந்ததற்கு நல்லூரானையும் கும்பிட்டுவிட்டுத் திரும்புவதாக எண்ணம். இரண்டு இரவு.

நான் முப்பது வருடம் கணக்குப் படிப்பித்தவன். அந்தத் தாயின் கணக்குக்கு முன்னால் என் கணக்கு நிற்காது. திரும்பிப் போகிற பஸ் காசு தனியாகச் சேலைத் தலைப்பில் முடிந்திருந்தது, அதை எந்தக் காரணத்துக்கும் அவிழ்ப்பதில்லை. மூன்று நேரத்துக்குக் காணக்கூடிய ரொட்டியும் கட்டச் சம்பலும் ஒரு வாளியில் இருந்தன. தண்ணீர்ப் போத்தல் வீட்டிலிருந்தே வந்தது. சொகுசு பஸ்ஸை விட்டு இ.போ.ச. என்கிற அரச பஸ்ஸில் ஏறியதில் மூன்று பேருக்கும் எவ்வளவு மிச்சம் என்று ரூபாய்க் கணக்காகச் சொன்னார். இரவில் பயணம் செய்ததே ஓர் இரவு அறை வாடகையை மிச்சம் பிடிக்கத்தான்.

அப்படிப் பிடித்த மிச்சமெல்லாம் இங்கே இறங்கிய அரை மணித்தியாலத்தில் போகப் பார்த்தது. பஸ் நிலையத்தில் நின்ற ஓட்டோக்காரத் தம்பி ஒரு விடுதிக்குப் போன் எடுத்துக் கேட்டார். மூன்று பேருக்கு ஓர் அறை, ஓர் இரவுக்கு 6,000 ரூபா. மத்தியானத்துக்குப் பிறகுதான் உள்ளே விடுவார்கள். தகப்பன் ஒன்றும் கதைக்கவில்லை. 2024இல் கூட்டிக் கொடுத்த பிறகும் தோட்டத்தில் ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் அப்போது 1,350 ரூபாதான். ஓர் இரவு நித்திரைக்கு ஏறக்குறைய நாலரை நாள் கொழுந்து கிள்ள வேண்டும்.

“ஒரு மண்டபம் மாதிரி இருந்தாக்கூட போதுங்க சார். மூஞ்சி கழுவிட்டு, இவ ஒரு சேலை மாத்திக்க எடம் இருந்தா போதும்” என்றார் அவர்.

எனக்குத் தெரிந்த ஒரு கோயில் மடம் ஞாபகத்துக்கு வந்தது. பெயர் வேண்டாம். ஆறு வருடத்துக்கு முன் வெளிநாட்டுக் காசில் திருத்தி, மாபிள் பதித்து, காசு தந்தவர்களின் பெயர்களை வாசலில் பொன்னெழுத்தில் வெட்டி வைத்திருக்கிறார்கள். பின்பக்கம் குளியலறை, மலசலகூடம் எல்லாம் உண்டு. கூட்டிக்கொண்டு போனேன். கேற்றில் பூட்டு. பக்கத்து வீட்டுக்காரர் பல்லுத் தீட்டியபடியே வந்தார்.

“மடம் கலியாணத்துக்கு மட்டுந்தான் குடுக்கிறது மாஸ்டர். சாவி தலைவரிட்ட. அவர் கனடாவுக்குப் போட்டார். தைக்குத்தான் வருவார்.”

நான் இந்த மடலை எழுதுவது அந்தச் சாவிக்காகத்தான்.

விடுதி நடத்துகிறவர்களில் எனக்குக் கோபமில்லை. வங்கியில் கடன் எடுத்துக் கட்டினவர்கள், மின்சாரக் கட்டணம் கட்டுகிறவர்கள், நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாளிலும் கோடை விடுமுறைக்கு வரும் புலம்பெயர் உறவுகளிடமும் உழைத்தால்தான் மிச்ச மாதங்களை ஓட்டலாம். அவர்கள் செய்வது வியாபாரம். உங்கள் கையிலிருப்பது தர்மசாதனம், பொதுத் தர்மத்துக்கென்று எழுதிவைத்த சொத்து. இரண்டுக்கும் காணி உறுதியிலேயே வித்தியாசம் எழுதியிருக்கும், எடுத்து வாசித்துப் பாருங்கள்.

கையில் காசில்லாமல் யாழ்ப்பாணம் வருகிறவன் சாப்பாட்டால் சாக மாட்டான். தொண்டைமானாற்றில் செல்வச்சந்நிதியானுக்கு ‘அன்னதானக் கந்தன்’ என்றே பெயர், அங்கே யாரும் பசியோடு திரும்புவதில்லை. நயினாதீவில் அமுதசுரபி அன்னதானம் இருக்கிறது. திருநெல்வேலியில் அம்மாச்சி உணவகத்தில் பெண்கள் கண்முன்னால் சுட்டுத் தருகிற தோசையைச் சில்லறைக் காசுக்குச் சாப்பிடலாம். போக்குவரத்தும் அப்படித்தான், விசயம் தெரிந்தால். தீவுகளுக்குப் படகு ஏறுகிற குறிகட்டுவானுக்கு 776, பருத்தித்துறைக்கு 750 என்று பஸ் இலக்கம் தெரிந்தவன் ஓட்டோவுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கத் தேவையில்லை. காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் நடுவே கடலில் ஓடுகிற ‘பாதை’ என்கிற மிதவையில் ஏறக் காசே இல்லை, சைக்கிளையும் ஏற்றலாம். கீரிமலைக் கேணியில் குளிக்கக் கட்டணம் கிடையாது, பெண்களுக்குத் தனிக்கேணி உண்டு. ஆகவே ஏழைப் பயணியின் மடியை அவிழ்க்கிறது இரண்டே இரண்டு: இராத்தங்கல், அதோடு விடியப்புறம் பஸ்ஸால் இறங்கியதும் கால் முகம் கழுவ ஓர் இடம். ஆண்கள் எங்கேயும் ஒதுங்கிவிடுவார்கள். இரவு முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு வருகிற பெண்ணுக்கு அந்த நேரத்தில் யாழ்ப்பாணத்தில் கதவு திறக்கிற இடம் எது? உங்கள் வீட்டுப் பெண்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

எங்கள் முன்னோருக்கு இது தெரிந்திருந்தது. தலைச்சுமையை ஆளுதவி இல்லாமல் இறக்கிவைக்கச் சுமைதாங்கி கட்டினார்கள். மாடு உடம்பு உரஞ்ச ஆவுரோஞ்சிக்கல் நட்டார்கள். பக்கத்தில் கிணறு, தண்ணீர்த்தொட்டி, மடம். பருத்தித்துறையில் தெருமூடி மடம் இன்றைக்கும் நிற்கிறது: நடுவால் தெரு போகும், இரண்டு பக்கமும் கல்லாலே திண்ணை, எல்லாவற்றுக்கும் மேலால் ஒரே கூரை. போகிறவன் கேட்டுக் கதவு தட்டத் தேவையில்லை, தெருவே மடத்துக்குள்ளால்தான் போகிறது. இதைவிடத் துப்புரவாக ‘வா, இரு’ என்று சொல்கிற கட்டடத்தை நான் வேறெங்கும் காணவில்லை. கந்தர்மடம் என்று பஸ் கொண்டக்டர் கூப்பிடும்போது அந்த ‘மடம்’ என்ன என்று யோசிப்பவர் இன்று எத்தனை பேர்? சிதம்பரத்தில்கூட யாழ்ப்பாணத்தார் மடம் கட்டி, அதை நடத்த இங்கே காணி எழுதி வைத்தார்கள். கடல் கடந்து போகிற நம்மவன் தெருவில் படுக்கக்கூடாது என்று.

ஆனால் பழைய மடங்கள் எல்லாருக்கும் திறந்து கிடந்தன என்று நான் எழுதினால் அது பொய். எந்தத் திண்ணையில் யார் இருக்கலாம், எந்தக் கிணற்றில் யார் அள்ளலாம் என்று எழுதாத சட்டம் இருந்தது. 1968இல் மாவிட்டபுரம் கந்தன் வாசலில் உள்ளே விடச் சொல்லி ஒடுக்கப்பட்ட சாதிச் சனம் குந்தியிருந்ததைக் கண்டவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். இந்தச் சங்கதியை ஏன் இழுக்கிறேன் என்றால், மடத்தைத் திறப்போம் என்று ஒரு கூட்டத்தில் நான் வாய் திறந்தபோது வந்த முதல் கேள்வி ‘ஆர் ஆக்கள் வந்து படுப்பினம்?’ என்பதுதான். திருட்டு, துப்புரவு எல்லாம் அதற்குப் பிறகு வந்த கேள்விகள். மலையகத்துச் சனத்துக்கு நாங்கள் வைத்திருந்த பட்டப்பெயரை இங்கே எழுதக் கை கூசுகிறது. உங்களுக்குத் தெரியும்.

அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களுக்கு நான் இரண்டு விசயத்தை ஞாபகப்படுத்தினேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

ஒன்று, 1995 ஒக்ரோபர் 30. யுத்தம் நெருங்கி வர, வலிகாமம் முழுக்க ஒரே இரவில் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தது. மழை. என் அம்மாவைச் சைக்கிளில் இருத்தி உருட்டிக்கொண்டு போனேன். எங்களுக்குக் கிடைத்தது ஒரு கோயில் மடத்தின் மூலை, ஒரு பாய் அகலம். பதினொரு நாள் அதில் கிடந்தோம். யாரும் வாடகை கேட்கவில்லை, அடையாள அட்டை கேட்கவில்லை, எந்த ஊர், என்ன ஆட்கள் என்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எங்களில் அரைவாசிப் பேர் தெருவில்தான்.

மற்றது கதிர்காமப் பாதயாத்திரை. சந்நிதியில் வேல் எடுத்துத் தொடங்கி முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, திருக்கோவில், உகந்தை என்று காடு தாண்டும் மட்டும் ஒரு மாதத்துக்கு மேல் நடை. உலகத்திலேயே காசு குறைந்த பயணம் அதுவாகத்தான் இருக்கும். என் மச்சாள் இரண்டு முறை போனவ. கொண்டுபோன காசில் பாதி திரும்பி வந்தது. ஏன்? வழிநெடுகக் கிழக்குச் சனம் கோயில் மண்டபத்தைத் திறந்துவிட்டு, கால் கழுவத் தண்ணீர் ஊற்றி, சமைத்துப் போட்டது. ‘யாழ்ப்பாணத்துச் சாமிமார்’ என்று வீட்டுக்குள் கூப்பிட்டு எண்ணெய் போட்டுக் கால் உருவிவிட்டார்களாம். அதே மட்டக்களப்புச் சனம் நல்லூர்த் தேருக்கு வந்தால் இரவு எங்கே படுக்கிறது? வீதியோரத்து மணலில் பேப்பர் விரித்துப் படுத்ததை நானே கண்டிருக்கிறேன். தண்ணீர்ப் பந்தலில் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தோம், உண்மை. அதோடு எங்கள் உபசாரம் சரி.

இனி நடைமுறைக்கு வருவோம், இல்லாவிட்டால் மாஸ்டர் பிரசங்கம் வைக்கிறார் என்று மடித்து வைத்துவிடுவீர்கள்.

சும்மா தரச்சொல்லி நான் கேட்கவில்லை. சும்மா கிடைக்கிற இடத்தில் தங்க மானமுள்ள ஏழைக்கும் கூச்சம். தலைக்கு ஒரு 300, 400 ரூபா வாங்குங்கள். பாயும் தலையணையும் காணும், கட்டில் வேண்டாம். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு பக்கம், ஆண்களுக்கு ஒரு பக்கம், நடுவில் மறைப்பு. அடையாள அட்டை இலக்கத்தைக் கொப்பியில் பதியுங்கள். குடித்துவிட்டு வந்தால் வெளியே. இரண்டு இரவுக்கு மேல் இல்லை. கலியாண நாட்களில் மூடிக்கொள்ளுங்கள், முகூர்த்தம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் மண்டபம் எப்படியும் வெறுமையாகத்தானே கிடக்கிறது. ஆடி அமாவாசைக்குக் கீரிமலைக்கு வருகிற சனத்தையும் அதற்குப் பிறகு நல்லூருக்கு வருகிற சனத்தையும் நினைத்துப் பாருங்கள்.

இதுவும் கஷ்டம் என்றால் இன்னும் சின்னதாய்த் தொடங்கலாம். நகரத்துக்குள் ஒரே ஒரு மடம், விடிய நாலு மணியிலிருந்து எட்டு மணி வரைக்கும் திறக்கட்டும். தண்ணீர், மலசலகூடம், உடுப்பு மாற்ற ஓர் அறை, பையை வைத்துவிட்டுப் போக ஒரு பூட்டுள்ள அலுமாரி. ஆளுக்கு 100 ரூபா. துப்புரவு செய்கிற ஆளின் சம்பளமும் தண்ணீர் மோட்டருக்கு மின்சாரமும் அதிலேயே வரும் என்று நான் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன், கொப்பி என்னிடம் இருக்கிறது. வாசலில் மாபிளில் வெட்டிய பெயர்களுக்குக் கீழே ஒரு சின்னப் பலகையில் 776, 750 என்று பஸ் இலக்கங்களையும் முதல் பஸ், கடைசிப் பஸ் நேரங்களையும் எழுதிவிட்டால் நெடுந்தீவுக்குப் போனவன் கடைசிப் படகை விட்டுவிட்டு அந்தரப்படவும் மாட்டான்.

களவு போகும் என்கிறீர்கள். மடு மாதா கோயில் திருவிழாவில் சட்டி பானையோடு போய்க் கொட்டில் போட்டுத் தங்குகிற சனத்தைப் பாருங்கள், வேலியே இல்லாமல் படுத்தெழும்பி வருகிறது. மலசலகூடம் நாறும் என்கிறீர்கள். பூட்டிக் கிடக்கிற மலசலகூடமும் நாறும், நான் அன்றைக்கு மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தவன். பெடியன் பெட்டை சோடியாக வந்து படுப்பார்கள் என்று ஒரு ஐயா கவலைப்பட்டார். நாற்பது பேர் வரிசையாகப் பாய் போட்டுப் படுக்கிற மண்டபத்துக்கு எந்தச் சோடி ஐயா வரும்?

அந்தக் குடும்பத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். கோண்டாவிலுக்கு என் வீட்டுக்கே கூட்டிவந்தேன். மனிசி முதலில் என்னைப் பார்த்த பார்வை வேறு, அந்த அம்மா கிணற்றடியில் குளித்துவிட்டு வந்து கேட்காமலே தேங்காய் துருவ உட்கார்ந்த பிறகு பார்த்த பார்வை வேறு. இரண்டு இரவும் விறாந்தையில் படுத்தார்கள். போகும்போது வாளியில் மிஞ்சியிருந்த தேயிலைப் பைக்கற்றைத் தந்துவிட்டு, தலைப்பு முடிச்சை அவிழ்த்து பஸ் காசை எண்ணினார் அம்மா. சரியாக இருந்தது. பெடியன் இப்போது முதலாம் வருடம், ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து புட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போவான். ஆனால் என் விறாந்தை பத்தடிக்குப் பன்னிரண்டடி. நல்லூர்த் தேருக்கு வருகிறவர்களை அதில் படுக்கவைக்க முடியாது.

நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முன்னர் உங்களில் ஒரு சபையாவது கூட்டம் போட்டு இதைப் பேசினால் நான் துடைப்பத்தோடும் கொப்பியோடும் வருகிறேன். என்னோடு வர ஏழெட்டுப் பழைய மாணவர்களும் இருக்கிறார்கள். கூட்டம் போடத் தலைவர் ஊரில் இல்லை, சாவி அவரிடம்தான் என்றால், அவருடைய கனடா விலாசத்தைத் தாருங்கள். நானே எழுதிக் கேட்கிறேன்.

இப்படிக்கு,
கோண்டாவிலிலிருந்து
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர்