தவிட்டு எண்ணெயும் பிள்ளைகளின் மூளையும்

ஆசிரியருக்கு,

கருவுற்ற பெண்களின் உணவு பற்றிய கட்டுரையில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம் எல்லாம் இருந்தன. சரி. ஆனால் தாயின் உடம்பில் எப்போதோ சேர்ந்துவிட்ட நஞ்சைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

1979இல் தைவானில் ஒரு தவிட்டு எண்ணெய் ஆலையில் சூடேற்றும் குழாய் கசிந்து, பிசிபி என்ற வேதிப்பொருள் சமையல் எண்ணெயில் கலந்தது. சுமார் 2,000 பேர் பாதிக்கப்பட்டார்கள். அந்த எண்ணெயை நிறுத்திப் பல வருடம் கழித்துப் பிறந்த பிள்ளைகளும் அறிவுத்திறன் சோதனைகளில் பின்தங்கினார்கள். அவர்கள் வாயில் ஒரு சொட்டுக்கூடப் பட்டதில்லை! தாயின் கொழுப்பில் தங்கிய பிசிபி நஞ்சுக்கொடி வழியாக இறங்கியிருக்கிறது. தாய்ப்பாலிலும் கொஞ்சம் வரும்தான். அதற்காகப் பால் கொடுப்பதை யாரும் நிறுத்திவிட வேண்டாம்.

இதே பிசிபி நம் நாட்டுப் பழைய டிரான்ஸ்ஃபார்மர்கள் சிலவற்றிலும் உண்டு. 2025 டிசம்பர் 31க்குப் பிறகு அதைப் பயன்படுத்தவே கூடாது என்பது மத்திய அரசின் 2016ஆம் ஆண்டு ஆணை. எங்கள் ஊர்ப் பழைய இரும்புக் கடையிலோ டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயை வெறுங்கையால் வடித்துக் கேனில் ஊற்றுகிறார்கள். மூட்டுவலிக்குத் தேய்க்க வாங்கிப் போகிறவர்களும் உண்டு. அதில் என்ன இருக்கிறது என்று யார் சோதித்தார்கள்?

– ஒரு வாசகி, கும்பகோணம்